ஸ்பேம் பெட்டி இல்லாத முதலாளி

அத்தியாயம் 8

"அந்தத் திருடியை நீங்க புடிக்க வேண்டாம் அம்மணி. திருடி யாருன்னு எனக்கே தெரியும். சாட்சி மட்டும் எடுத்துக் குடுங்க, போதும்."

அருணகிரி சொன்ன சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வெளியே களத்தில் ஜவ்வரிசி காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிலர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள்.

துப்பறிகிறவள் ஷாஹீன். மரியாதைக்காகக் காதைப் பொத்தாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய உதவியாளர் காளிதாஸுக்கு அந்த மரியாதை எல்லாம் கிடையாது. பொத்திக்கொண்டார்.

ராசிபுரம் சாலையில் இருக்கும் அந்தச் சேகோ மில்லின் முதலாளி அருணகிரி. முப்பது வருஷம் கிழங்கு அரவை இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றதில் காது போய்விட்டது. அதனால் அவர் மேசையில் டிவி அளவுக்கு ஒரு கம்ப்யூட்டர் திரையும் இரண்டு கீபோர்டுகளும் இருந்தன. ஒன்று அவருக்கு, மற்றது வருகிறவர்களுக்கு. வந்தவர் தட்டினால் திரையில் உள்ளங்கை அகலத்துக்கு எழுத்து விழும். அதைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு அவர் வாயால் பதில் சொல்வார். தன் சத்தம் தனக்கே கேட்காதவர் என்பதால் எல்லாப் பதிலும் மேடைப் பேச்சுத்தான்.

ஷாஹீன் தட்டினாள்: யாரைச் சந்தேகிக்கிறீர்கள்?

"சந்தேகமே இல்லீங்க. தேவிப்ரியா. எங்க மெயில் சர்வரப் பாத்துக்கற புள்ள. எனக்கு வர்ற மெயிலத் தடுத்து, ஆர்டர வேற மில்லுக்குத் திருப்பி உடறா. திங்கக்கிழமையே களத்துல எல்லார் முன்னாலயும் கேட்டுப்போட்டன், உங்கையி திருட்டுக் கையான்னு. சாயங்காலம் ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறன். அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டது."

மணி ஒன்றரை. ஒரு பெண்ணின் வேலையும் பெயரும் சாயங்காலம் வரைதான்.

எப்போதிலிருந்து வரவில்லை?

"தீவாளிக்கு அப்பறம்."

யாருடைய மெயில் முதலில் நின்றது?

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். 

"இந்தூர் சேட்டு. தரகரு. இருபது வருசச் சினேகிதம். காத்தால ஒரு மெயில், பொழுதோட ஒரு மெயில். சந்தை நெலவரம் ஒரு வரிதான் இருக்கும். மத்ததெல்லாம் பேத்தி கதை, மூட்டுவலிக் கதை. அவந்தான் மொதல்ல நின்னான். அப்பறம் பூனாக்காரரு. அப்பறம் கல்கத்தா, ஆடிட்டரு, எம் மச்சினன். ஒவ்வொருத்தனா."

யாருடைய மெயில் வருகிறது?

"அதெல்லாம் நல்லா வருதுங்களே! லாட்டரி உழுந்திருக்குதுன்னு வருது. முடி மொளைக்கற தைலம் வருது. முன்னப்பின்ன தெரியாதவன் ஜவ்வரிசி வெலை கேட்டு எழுதறான், அது வருது. தெரிஞ்சவன் எழுதறது மட்டும் வரலை."

காளிதாஸ் தொண்டையைச் செருமினார். "மேடம், இது ஸ்பேம் பில்டர் இல்லீங்க, ஒறம்பரை பில்டர். சொந்தபந்தம் ஊட்டுக்கு வராமத் தடுக்கற மிஷினு. எவ்வளவுன்னு கேளுங்க, எங்க ஊட்டுக்கு ஒண்ணு வாங்கிப்போடலாம்."

காளிதாஸ் திருச்செங்கோட்டுக்காரர். ரிக் வண்டி ஓட்டி, நாடு பூராவும் போர்வெல் போட்டுவிட்டு வந்தவர். ஷாஹீனைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆயிரம் அடி துளை போட்டும் தண்ணீர் வராத இடங்களில் சிரித்துத்தான் பிழைத்தேன் என்பார்.

"உங்க ஆளு எதுக்குச் சிரிக்கறாரு?" என்றார் அருணகிரி.

அவர் சிரிக்கவில்லை. முகமே அப்படி, என்று தட்டினாள் ஷாஹீன். சேட்டிடம் போனில் கேட்டீர்களா?

அவர் காதைத் தொட்டுக் காட்டினார்.

மேனேஜரை விட்டுக் கேட்டிருக்கலாமே?

"சினேகிதத்த மேனேஜர உட்டா பேசறது?" என்றார் அருணகிரி. "நானே எழுதிக் கேட்டன். ரெண்டு தடவை. பதில் இல்லை. சரி, நம்ம ஆயா போன பொறவு நம்மகிட்டப் பேச என்ன இருக்குதுன்னு நெனைச்சிருப்பான்."

ஆயா என்று அவர் சொன்னது மனைவியை. சுவரில் படம் இருந்தது. படத்துக்குப் போட்ட மாலையின் மேல்கூட மெல்லிசாய் ஸ்டார்ச் மாவு படிந்திருந்தது.

ஸ்பேம் பெட்டியில் தேடிப் பார்த்தீர்களா?

"அந்தப் புள்ளையும் இதேதான் கேட்டா. எங்கிட்ட அப்படி ஒரு பொட்டியே இல்லீங்க. நீங்களே பாத்துக்கங்க."

ஷாஹீன் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். மெயிலின் இடது ஓரத்தில் தமிழில் நான்கு பெட்டிகள்: வந்தவை, அனுப்பியவை, அரைகுறை, கம்பி. ஸ்பேம் இல்லை. கம்பிக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் எண் இருந்தது. அறுநூற்றுச் சொச்சம்.

அவள் கேட்காமலே அவர் மேசை ஓரத்தைக் காட்டினார். மரக்கட்டையில் நட்டிருந்த இரும்புக் கம்பி. அதில் மேலிருந்து கீழ்வரை பழைய பில்கள் குத்தியிருந்தன.

"முப்பது வருசம் முடிஞ்ச பில்ல இதுல குத்துனன். இப்ப முடிஞ்ச மெயில அதுல குத்தறன். படிச்சாச்சா, பதில் போட்டாச்சா, குத்தியாச்சு! நம்பரப் பாருங்க. யாவாரம் படுத்தாலும் நாம்பாட்டுக்கு வேலை செஞ்சிட்டுத்தான் இருக்கறன். தெனமும் ஏறுது."

அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது.

* * *

முன்பு சாக்கு அடுக்கிவைத்த அறைதான் இப்போது சர்வர் அறை. தன் தபால் அடுத்தவன் வீட்டில் கிடக்கக் கூடாது என்று அருணகிரி சொந்த சர்வர் வைத்திருந்தார். ஏசி குளிரிலும் கிழங்குப் பாலின் புளித்த வாசம் போகவில்லை. ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் தேவிப்ரியா. காலடியில் கட்டிவைத்த துணிப்பை.

ஷாஹீனுக்கு அந்த அறை தெரிந்த அறையாக இருந்தது. பெங்களூரில் இப்படி ஓர் அறையில் அவள் மூன்று வருஷம் வேலை பார்த்தாள். சில நாட்களில் ரூமுக்குத் திரும்பிப் பால் பாக்கெட் வாங்கும்போதுதான் அன்றைக்கு முதல் வார்த்தை பேசுகிறோம் என்று தெரியும்.

"ஊருக்கா?" என்று பையைக் காட்டிக் கேட்டாள்.

"கெங்கவல்லி" என்றாள் தேவிப்ரியா, பையைப் பார்த்தபடியே. "போலீஸ் வரதுக்குள்ள போகலாம்னு இல்ல மேடம். வந்தா ஊருக்கே வரட்டும். இங்க அத்தன பேர் முன்னாடி இன்னொரு தடவ நிக்க முடியாது."

"ஸ்பேம் பில்டர்ல கடைசியா என்ன மாத்தினீங்க?"

அவள் தயங்காமல் திரையைத் திருப்பிக் காட்டினாள். தீபாவளிக்கு மறுவாரம், அவள் பெயரில், ஒரே ஒரு வரி சேர்த்திருந்தது.

காளிதாஸ் ஷாஹீனின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "சாட்சி சிக்கிருச்சுங்க. ஊட்டுக்குப் போலாமுங்களா?"

"இது என்னன்னு தெரியுமாண்ணா?"

"எனக்குத் தெரிஞ்ச பில்டரு டீசல் பில்டருதானுங்க."

"ஸ்பேம் பில்டருக்கு எது குப்பை, எது கடிதம்னு தானாத் தெரியாது. நாய்க்குட்டி மாதிரி. நாம குப்பைன்னு எதை ஸ்பேம் பெட்டில போடறோமோ, அதைப் பாத்துக் கத்துக்கும். அடுத்த தடவை அதே மாதிரி வந்தா அதுவே தூக்கி அந்தப் பெட்டில போட்டுரும். அப்படிக் கத்துக்கட்டும்னு அவுத்து விட்டிருக்காங்க. அவ்வளவுதான் இந்த வரி."

"தீபாவளிக்கு அசிங்க அசிங்கமா மெயில் வந்துச்சு மேடம்" என்றாள் தேவிப்ரியா. "ஐயா சத்தம் போட்டாரு. அதுக்குத்தான் செஞ்சேன். ஒரு வாரம் ஓடவிட்டுப் பாத்துட்டு அவருக்கு மெயில்ல எழுதினேன். எழுதவே இல்லன்னு சொல்றாரு. பொய் சொல்றேன்னு சொல்லிட்டாரு."

"நேர்ல போய்த் தட்டிக் காட்டியிருக்கலாமே?"

"போனேன். ரெண்டு பேருக்கும் முன்னாடி அந்தப் பெரிய திரை இருக்குல்ல, அதுல எழுதினா வெளிய நிக்கறவங்களுக்கெல்லாம் தெரியும். எனக்குக் கை வராது. ஸ்பேம் பெட்டில பாருங்கய்யான்னு மட்டும் தட்டினேன். இல்லன்னுட்டாரு."

ஷாஹீன் சர்வரின் பதிவுகளைப் புரட்டினாள். அந்த மெயில் போயிருந்தது. போனது மட்டுமில்லை, முதலாளியின் கணக்கில் சேர்ந்துமிருந்தது.

"குடுத்தன்னு சொல்றதும் நெசம், வாங்கலைன்னு சொல்றதும் நெசம்" என்றார் காளிதாஸ். "நம்மூரு பாங்குல அடிக்கடி நடக்கறதுதானுங்க."

"ஐயாவோட பெட்டியைத் திறக்க உங்களால முடியும், இல்லையா?" என்று ஷாஹீன் கேட்டாள்.

"முடியும்."

"திறந்து பாத்தீங்களா?"

"இல்ல."

"திருடின்னு சொன்ன பிறகுகூடவா? ஒரு நிமிஷம் எட்டிப் பாத்தா உண்மை தெரிஞ்சிருக்குமே?"

தேவிப்ரியா முதல் தடவையாக நிமிர்ந்தாள். "அவங்க வீட்டம்மா போனப்புறம் அவரு சேட்டுக்கு எழுதறது எல்லாம் அதுலதான் மேடம் இருக்கும். நான் எதுக்கு அதப் பாக்கணும்?"

அவள் சொன்னதை சர்வரும் சொன்னது. அந்தப் பெட்டியை அருணகிரியின் அறைக் கம்ப்யூட்டரைத் தவிர வேறெதுவும் தொட்டதில்லை. ஷாஹீன் அந்தப் பக்கத்தை மூடினாள்.

"மில்லில எல்லாருக்கும் ஸ்பேம் பெட்டி இருக்கா?"

"கணக்குத் திறந்தாலே சர்வர் ஒண்ணு குடுத்துரும். ஐயாவுக்கும் இருக்கு."

"அவர் திரையில இல்ல."

"இருந்தே ஆகணும், மேடம்."

ஷாஹீன் காளிதாஸின் பக்கம் திரும்பினாள். "அண்ணா, ஒரு வீட்டுல குப்பைத்தொட்டியே இல்லன்னா என்ன அர்த்தம்?"

"பக்கத்துல காலி மனை இருக்குதுன்னு அர்த்தம்."

"இல்லாட்டி?"

காளிதாஸ் யோசித்தார். "இல்லாட்டி, அந்தத் தொட்டில அரிசி கொட்டி வெச்சிருக்கோணும்."

ஷாஹீன் எழுந்துவிட்டாள். "அவர் திரையை முதல்ல அமைச்சுக் குடுத்தது யாரு?"

"எனக்கு முன்னாடி இருந்த அன்பரசு அண்ணன். இப்ப ஆண்டகளூர் கேட்டுல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்காரு."

* * *

அன்பரசு கடையில் ஒரு பெண்ணின் சாதிச் சான்றிதழ் நகலாகிக்கொண்டிருந்தது. அருணகிரி பெயரைக் கேட்டதும் சிரித்தார்.

"நல்ல மனுசனுங்க. என்ன, பேசுனா பக்கத்து ஊருக்குக் கேக்கும். பொட்டிக்கெல்லாம் இங்கிலீசுல பேரு இருந்தா அவருக்குப் புடிக்காது. எல்லாத்துக்கும் தமிழ்ல பேரு மாத்திக் குடுத்தது நாந்தான்."

"கம்பியும் நீங்க வெச்ச பேருதானா?"

"அது அவரு வெச்ச பேருங்க. 'வந்தது தெரியுது, போனது தெரியுது, முடிஞ்சத எதுலடா குத்தறது? கம்பி எங்கடா?'ன்னு ஒரே சத்தம். புதுசாப் பொட்டி உண்டாக்க அப்ப எனக்குத் தெரியாதுங்க. கடைசியா ஒரு பொட்டி சும்மாக் கெடந்துச்சு. ஒருத்தரும் தொடறதில்லை. அதுக்கே கம்பின்னு பேரப் போட்டு உட்டுட்டன். மனுசனுக்கு அன்னிக்கு இருந்த சந்தோசம்!"

"அந்தப் பெட்டியோட பழைய பேரு என்ன?"

ஜெராக்ஸ் மிஷின் நின்றது. அன்பரசு சான்றிதழை எடுக்காமல் ஷாஹீனையே பார்த்தார்.

"ஸ்பேமுங்க" என்றார். பிறகு அவசரமாக, "ஆனா அஞ்சு வருசமா ஒண்ணும் ஆகலைங்களே!"

"ஆகாதுங்க. அப்ப அந்த நாய்க்குட்டியைக் கட்டி வெச்சிருந்தாங்க" என்றாள் ஷாஹீன்.

வேனில் ஏறியதும் காளிதாஸ் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு ஒருக்கா மெதுவாச் சொல்லுங்க மேடம். டீசல் பில்டர் ஆளு நானு."

"அவர் ஒரு மெயில் படிப்பார். பிடிச்சிருந்தா, முக்கியம்னா, பதில் போடுவார். போட்டதும் கம்பில குத்துவார். அது கம்பி இல்ல, ஸ்பேம் பெட்டி. தீபாவளிக்கு அப்புறம் அவர் ஒவ்வொரு தடவை குத்தும்போதும் பில்டருக்கு, 'இது குப்பை, இந்த ஆள் குப்பை'ன்னு பாடம் நடத்தியிருக்கார். சேட்டு ஒரு நாளைக்கு ரெண்டு தடவை எழுதுவார். அதனால அவர் பாடம் முதல்ல முடிஞ்சுது."

"அப்ப லாட்டரிக்காரன்?"

"அவனுக்கு யாரு பதில் போடறா? பதில் போடாததைக் குத்த மாட்டார். அதனால பில்டர் கணக்குல லாட்டரிக்காரன் நல்லவன்."

காளிதாஸ் ஸ்டியரிங்கைத் தட்டினார். "யாரு வேணுமோ அவங்களையெல்லாம் ஒவ்வொருத்தரா தானே தொரத்திப்போட்டு, ஒருத்தனும் வரலையேன்னு ஒக்காந்திருக்கறாரு."

ஷாஹீன் தன் போனைப் பார்த்தாள். காலையிலிருந்து வந்த மெயில்கள் எல்லாம் பாங்கும் மின்வாரியமும் அனுப்பியவை. அயோத்தியாப்பட்டணத்தில் அவள் அலுவலகமான மாடி அறைக்குத் தேடி வருகிறவர்களும் அப்படித்தான், காரியமாக மட்டும்.

"அந்தப் புள்ள?" என்றார் காளிதாஸ், வண்டியை எடுத்தபடி.

"அவ ஒரே ஒரு தடவை அந்தப் பெட்டிய எட்டிப் பாத்திருந்தா, அன்னிக்கே கண்டுபிடிச்சிருப்பா. பாக்காததுனாலதான் மாட்டிக்கிட்டா."

* * *

அருணகிரி போலீஸுக்குப் போகச் சட்டை மாற்றியிருந்தார்.

"சாட்சி கெடைச்சுதுங்களா அம்மணி?"

ஷாஹீன் கீபோர்டை இழுத்துக்கொண்டாள். கிடைத்தது. கம்பியைத் திறங்கள்.

"எதுக்கு? அது முடிஞ்சது. குத்துனத எவனாச்சும் எடுத்துப் பாப்பானா?"

திறங்கள்.

அவர் திறந்தார். மேலிருந்து கீழ்வரை பெயர்கள். எல்லாம் தடித்த எழுத்தில்.

"இது என்னுங்க இத்தனை கறுப்பா இருக்குது? நான் குத்துனதெல்லாம் இப்படி இருக்காதே..."

கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் எண் நீங்கள் முடித்த வேலை இல்லை, ஐயா.

"அப்பறம்?"

நீங்கள் இன்னும் படிக்காதவை.

அவர் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரையை உருட்டினார். சேட்டு. சேட்டு. பூனா. சேட்டு. மச்சினன். சேட்டு. ஒன்றைத் திறந்தார். ஆங்கிலத்தில் மூன்று வரி. விலை ஏறியிருக்கிறது, பேத்தி எழுந்து நிற்கிறாள், பிடித்துக்கொள்ளாமல். அடுத்தது: நீங்கள் கேட்டதற்கு நேற்றே பதில் போட்டேனே, கிடைக்கவில்லையா? அதற்கும் அடுத்தது: என் மேல் என்ன வருத்தம் என்று சொன்னால் திருத்திக்கொள்வேன். அதற்குப் பிறகு தினம் இரண்டு மெயில் ஒன்றாகி, வாரம் ஒன்றாகி, கடைசியாக வந்ததில் பொங்கல் வாழ்த்து மட்டும் இருந்தது.

எப்படி நடந்தது என்பதை ஷாஹீன் சின்னச் சின்ன வரிகளாகத் தட்டினாள். அவர் ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டினார். கடைசி வரிக்கு ஆட்டவில்லை.

"அப்ப, திருடுன கையி இதுங்களா?" என்று தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். அவர்கள் வந்ததிலிருந்து அவர் மெதுவாகப் பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

ஷாஹீன் எழுந்து வந்தாள். திரையில் ஒரு பெயரை விரலால் தொட்டாள். தேவிப்ரியா. அதற்குக் கீழே இன்னொரு தேவிப்ரியா. தினமும் இருப்பு விவரம் அனுப்புகிறவள், தினமும் பதில் வாங்கியவள், தினமும் கம்பியில் ஏறியவள்.

அருணகிரி அடியிலிருந்து முதல் மெயிலைத் திறந்தார்.

'ஐயா, ஸ்பேம் வடிகட்டியில் போன வாரம் ஒரு மாற்றம் செய்தேன். உங்களுக்கு வரவேண்டிய கடிதம் ஏதாவது வராமல் போனால் உடனே சொல்லுங்கள். எடுத்துவிடுகிறேன்.'

பிறகு, 'ஐயா, போன மெயிலைப் பார்த்தீர்களா?' பிறகு, 'ஐயா, கோபமா?' அவர் மேலே மேலே போனார். உச்சியில் இருந்தது இன்றைக்கு வந்தது.

'ஐயா, நான் எதையும் எடுக்கவில்லை. இதையும் நீங்கள் படிக்கமாட்டீர்கள் என்று தெரியும். தினமும் எழுதிப் பழகிவிட்டது, அதனால் எழுதுகிறேன். மூன்று மணிக்குக் கிளம்புகிறேன். சர்வர் அறைச் சாவி மேனேஜரிடம் இருக்கும்.'

மூவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மூன்றேகால்.

சர்வர் அறையில் நாற்காலி மட்டும் இருந்தது. பை இல்லை.

* * *

வேனில் முன் சீட்டில் அருணகிரி. காளிதாஸ் மில் கேட்டை ரிக் வண்டி மாதிரியே வளைத்துத் தாண்டினார்.

"ஒறம்பரை பில்டருன்னீங்களே" என்றார் அருணகிரி திடீரென்று. "காதுதான் போச்சு. வாயசைவுல பாதி எனக்குத் தெரியும்."

காளிதாஸ் வாயைக் கையால் மூடிக்கொண்டு, "மேடம், மத்தியானத்துல இருந்து நான் வேற என்னென்ன சொன்னனுங்க?" என்றார்.

மெயின் ரோட்டு நிறுத்தத்தில் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த ஆசிரியை ஒருவர், வாழைத்தார் வைத்திருந்த இருவர், களத்தில் அரை நாள் வேலை முடித்த பெண்கள் நாலைந்து பேர். அவர்களுக்கு அந்தப் பக்கம், தனியாக, வேப்பமரத்தடியில் தேவிப்ரியா.

அருணகிரி வேன் நிற்பதற்குள் இறங்கினார். விழப் பார்த்தார். ஷாஹீன் பிடிக்கப் போனாள், அவர் நிற்கவில்லை.

"நீ திருடி இல்ல, சாமி!"

அவருக்கு அது சாதாரணமாகப் பேசியது. நிறுத்தமே திரும்பிப் பார்த்தது. வாழைத்தாரைக் கீழே வைத்தார்கள்.

"நீ எழுதுனதெல்லாம் இருக்குது. கம்பில கெடக்குது. நாந்தான் குத்திக் குத்தி... எங்கையிதான் சாமி. நீயில்ல."

 தேவிப்ரியா துணிப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள்.

சேலம் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியிலிருந்து கத்தினார். ஆசிரியை ஏறினார். வாழைத்தார் ஏறியது. களத்துப் பெண்கள் ஏறவில்லை. தேவிப்ரியா ஒரு காலைப் படியில் வைத்தாள்.

"ஏறும்மா, சீக்கிரம்!"

ஷாஹீனுக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்த முதுகில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கூப்பிடலாமா என்று நினைத்தாள். அது தன் வேலை இல்லை என்றும் நினைத்தாள்.

கால் படியிலிருந்து இறங்கியது. கண்டக்டர் ஏதோ திட்டி விசில் ஊதினார். பஸ் போனது.

தேவிப்ரியா குனிந்தபடியே ஏதோ சொன்னாள். பக்கத்தில் நின்ற ஷாஹீனுக்கே பாதிதான் கேட்டது. அருணகிரி முகத்தை முன்னால் நீட்டி அவள் உதட்டைப் பார்த்தார். பிறகு கண்ணைத் தடவினார்.

"கண்ணாடி மேசையிலயே போச்சு சாமி. உன்ற வாயே தெரியலை."

அவள் போனை எடுத்துத் தட்டிக் காட்டினாள்.

"எறும்பாட்ட இருக்குது."

அவள் இரண்டு விரலால் எழுத்தை விரித்தாள். இன்னும் விரித்தாள். கடைசியில் திரையில் ஒரு வார்த்தைக்குத்தான் இடம் இருந்தது. அதை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"களத்துல" என்று அவர் வாய்விட்டுப் படித்தார்.

அவள் விரலால் தள்ளினாள்.

"எல்லார்."

தள்ளினாள்.

"முன்னாலயும்."

களத்துப் பெண்களில் ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். 

"சொல்லணும்."

அருணகிரி போனிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். அவள் இந்தத் தடவை குனியவில்லை.

"சொல்றன்" என்றார். "இப்பவே வா. சொல்றன்."

அவள் வேனை நோக்கி நடந்தாள். அவர் பின்னால் போனார். நாலு எட்டு வைத்ததும் அவருக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. நின்று, அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"களம் பெருசாச்சே. எஞ்சத்தம் எல்லார்த்துக்கும் கேக்குமா, சாமி?"

ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரோடு திரும்பிப் பார்த்தார்கள். தேவிப்ரியா தலையை மட்டும் ஆட்டினாள், அவருக்குத் தெரியும்படி, நன்றாக, இரண்டு தடவை.